ஆறடி அடுக்களை

ஒரு குடும்பத்தின் நிலையை அறிய விரும்புவோர் அதன் முன்கூடத்தை மட்டும் பார்த்துத் திரும்புதல் கூடாது. அடுக்களையையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். முன்கூடம் பிறர்க்காக அமைவது. தவணைமுறையில் வாங்கிய மெத்தை நாற்காலிகளும், கண்ணாடி அலமாரியும், அதனுள்ளே ஒருநாளும் தேநீரைக் கண்டறியாத பீங்கான் கிண்ணங்களும், பெரியதொரு தொலைக்காட்சிப் பெட்டியும் அங்கே கொலுவிருக்கும். அடுக்களையோ நமக்காக அமைவது. ஆதலின் அங்கே ஒற்றை விளக்கு, அதுவும் மங்கல். புகை படிந்த சுவர். காலிடறும் வெங்காயக் கூடை. கதவு கழன்ற பெட்டி. பிறர் பார்க்கும் இடத்திற்குப் பகட்டும், நாம் வாழும் இடத்திற்குப் புழுதியும் என்று பங்கிட்டுவிட்டோம். இப்பங்கீடு நேரியதா?

"நமக்காக" என்று மேலே கூறினோம். அச்சொல்லை இன்னுஞ் சிறிது நுணுகி நோக்கினால், "நம் வீட்டுப் பெண்டிர்க்காக" என்றலே பொருந்தும். வீட்டின் பிற பகுதிகளில் ஆடவர் அமர்கின்றனர், உறங்குகின்றனர், செய்தித்தாள் படிக்கின்றனர். அடுக்களையில் மாத்திரம் அவர்கட்கு அலுவல் இல்லையென்று ஆக்கிவிட்டனர். எங்கே தமக்கு அலுவல் இல்லையோ அங்கே தமது பணத்தையும் கருத்தையும் செலவிட மனிதர் முன்வருதல் அரிது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பத்தாண்டுக்கு மேலாகக் கிராணி வேலை பார்த்து, திருமணம், இழவு, தீபாவளி என்று பல வீடுகளின் உள்ளும் புறமும் கண்டு பழகிய நாம், இக்காரணத்தையே முதற்காரணமாகக் கருதுகின்றோம். இடக்குறைவும் பணக்குறைவும் அதற்குப் பின்னரே நிற்பவை.

தமிழில் "அடு" என்பது சமைத்தலைக் குறிக்கும் வினைச்சொல். அதனடியாகவே அடுப்பு, அடுக்களை, அடிசில், அட்டில் என்னுஞ் சொற்கள் வழங்குகின்றன. அட்டில் என்பது பழந்தமிழர் சமையலறைக்கு இட்ட பெயர். இத்துணைச் சொற்களை ஓர் அறைக்கும் அதில் நிகழும் தொழிலுக்கும் ஆக்கி வைத்த இனம், அவ்வறையை வீட்டின் கடைசி மூலையாக எண்ணியிருத்தல் இயலாது. பின்னர் எங்ஙனம் இந்நிலை வந்தது? நமது நாட்டைப் பொறுத்தமட்டில் விடை தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. லயத்தைப் பார்த்தால் போதும்.

மலாக்காவில் டான் சே யான் என்னுஞ் சீன வணிகர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். இந்நாட்டில் வணிகமுறையில் எழுந்த ரப்பர்த் தோட்டங்களுள் அதுவே முதலாவது என்பர். அதன்பின் தோட்டங்கள் பெருகின. தமிழகத்தினின்றும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்தனர். வந்தவர்க்குக் கிடைத்த வீடு, நீண்ட லயத்தில் ஓர் அறை. அறையினுள் உறக்கம், வாயிற்றிண்ணையிலோ, பின்புறச் சாய்ப்பிலோ மூன்று கற்களைக் கூட்டிய அடுப்பு. காய்ந்த ரப்பர்க் கிளையே விறகு. மழைநாளில் விறகு புகையும், புகை உள்ளே வரும், குழந்தை இருமும். சமையலறை என்று ஒன்று தனியே உண்டு என்னும் எண்ணமே பலர்க்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையுள்ள ஆண்டுகளில் அரிசியும் அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கே சோறாகவும் அடையாகவும் கூழாகவும் உருமாறி அவ்வடுப்பின்மேல் ஏறியது. விடுதலைக்குப் பின்னர், தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்த அளவு இன்னதென வரையறுக்கும் சட்டம் 1966-இல் ஒன்றும், அதனை மாற்றி விரிவாக 1990-இல் ஒன்றும் இயற்றப்பட்டன. சட்டம் வீட்டிற்கு அளவு கூறலாம்; அடுக்களைக்கு மதிப்பளிக்க வேண்டுவது வீட்டிலுள்ளார் கடமையன்றோ?

இது நிற்க. இடம் சிறிதாயிற்றே என்று வருந்துவோர்க்கு ஒன்று கூறுவோம். சிற்றிடத்தைப் பேரிடமாக ஆளுங்கலை நம்மவர்க்குப் புதிதன்று. உறியை நோக்குக. தரையிலும் சுவரிலும் இடமில்லாதபோது நம் பாட்டிமார் வெற்றுவெளியையே அலமாரி ஆக்கினர். எறும்புக்கும் பூனைக்கும் எட்டாத அலமாரி அது. அஞ்சறைப் பெட்டியை நோக்குக. கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் ஆகிய ஐந்துக்கும் ஐந்து புட்டிகள் வைத்து ஐந்து முறை கைநீட்டுவதற்கு மாறாக, ஒரே மூடியைத் திறந்து ஐந்தையும் ஒருங்கே எடுக்க வகைசெய்தனர். கொடியடுப்பை நோக்குக. முதலடுப்பில் எரியும் நெருப்பின் வெம்மை வீணாகாமல் துளைவழியே பக்கத்தடுப்பிற்குச் சென்று, அங்கே குழம்பைச் சூடாக வைத்திருக்கும்; ஒரு விறகில் இரண்டு பானை. பரண் கூரைக்குக் கீழுள்ள வெற்றிடத்தைப் பண்டகசாலை ஆக்கியது. மாடக்குழி சுவரின் கனத்திலேயே விளக்குக்கு இடம் தந்தது. இவற்றை ஆக்கியவர் எவரும் பொறியியற் கல்லூரியில் கற்றவரல்லர். நாடோறும் அவ்விடத்தில் உழைத்தமையால் அவர்தம் கைகளுக்கு அவ்வறிவு வந்து கைகூடியது.

அவ்வறிவு இன்று எங்கே சென்றது? தோட்டங்கள் பல கைமாறின. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையும் அகன்று வீட்டு மனைகள் வந்தன. லயங்கள் இடிபட்டன. மக்கள் பட்டணத்து ஓரங்களில் எழுந்த மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினர். குழாய் நீரும் மின்விளக்கும் எரிவாயுவும் வந்தன, நன்மையே. ஆயினும் கொல்லைப்புறம் போயிற்று. கொல்லையோடு உரலும் போயிற்று. உரலோடு அதனை ஆட்டிய முதியவளின் அலுவலும் போயிற்று. இக்கடைசி இழப்பைப் பற்றியே ஈண்டு நாம் எழுதப் புகுந்தோம்.

நம் அன்னையார் முப்பதாண்டுக்கு மேல் பால் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறும் சம்பாலும் ஆக்கி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக்கு முதல்வரிசையில் நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர். லயத்து வீட்டின் பின்சாய்ப்பில் அவரது அடுக்களை இருந்தது. மண்தரை மெழுகி, சிமிட்டிபோல் கெட்டிப்பட்டிருக்கும். அங்கே அவர் அரசி. லயம் இடிந்தபின் அவரை நம்மோடு அழைத்து வந்தோம். நாம் குடியிருப்பது மலாக்கா நகரையடுத்த ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், வாடகை வீடு. அதன் அடுக்களை 6 அடி அகலம், 8 அடி நீளம். நாம் தோட்டத்திற்கும், நம் மனைவியார் பட்டணத்தில் ஒரு கடையின் கணக்கு வேலைக்கும் காலையிற் சென்றால் மாலை ஆறு மணிக்கே திரும்புவோம். அத்துணை நேரமும் அன்னையார் வீட்டில் தனித்திருந்தார். வந்த சில வாரங்களில் பேச்சுக் குறைந்தது, உணவு குறைந்தது, பிற்பகலில் வாயிற்படியருகே நாற்காலியிட்டு நடைவழியை நோக்கியிருப்பதே அவர்தம் வேலையாயிற்று. மருத்துவர் பார்த்து, நோய் ஒன்றுமில்லை என்றார்.

"ஏன் அம்மா, பொழுதுபோக்காக ஏதேனும் சமைக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டோம். அதற்கு அவர் கூறிய விடையை இன்றும் மறந்தோமில்லை. "இது நின்னுக்கிட்டே சமைக்கிறவங்களுக்குக் கட்டின இடம், ஐயா. எனக்கு உட்கார்ந்தாத்தான் கை ஓடும்."

ஆங்கிலவழியில் கற்று, மேனாட்டு நூல்கள் பலவற்றைப் புரட்டிய நமக்கு, அவ்வொரு வாக்கியம் ஒரு நூலாகத் தோன்றியது. எண்ணிப் பாருங்கள். அரிவாள்மனையை உட்கார்ந்து மிதித்துக்கொண்டே காய் அரிகின்றோம். அம்மியை உட்கார்ந்தே அரைக்கின்றோம். ஆட்டுக்கல், திருகை, தேங்காய்த் துருவி, முறம் இவை யாவும் அமர்ந்த கைக்கு அமைந்த கருவிகள். தமிழனது அடுக்களை தரையை நிலைக்களமாகக் கொண்டது. அடுக்குமாடியின் அடுக்களையோ மேடையை நிலைக்களமாகக் கொண்டது. நிற்கும் உடலுக்கு அளந்து கட்டியது. முழங்கால் தேய்ந்த முதியவளை அங்கே கொண்டு நிறுத்தினால் அவள் கைத்திறமெல்லாம் பயனற்றுப் போம். வீட்டிற் குறை அன்று அது, அளவிற் குறை. அளவிற் குறையாயின் அளவுகோல் கொண்டே தீர்க்கலாமன்றோ?

இந்நினைவோடு தேடுங்கால், ஜெர்மனியில் ஒரு பெண்மணி செய்த வேலை நம் கண்முன் வந்தது. முதல் உலகப்போருக்குப் பின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர்க்கென வீடுகள் கட்டினர். அவ்வீடுகட்கு அடுக்களை வகுக்கும் பணியை மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக்கலை வல்லுநர் 1926-இல் மேற்கொண்டார். ஏறத்தாழ 6 அடி அகலம், 11 அடி நீளமே அவர் வகுத்த அறை. புகைவண்டியின் உணவுப்பெட்டியில் ஒடுங்கிய இடத்திலிருந்து பலர்க்குச் சமைத்தளிக்கும் முறையை அவர் ஆராய்ந்தார். சமைப்பவள் எத்தனை அடி நடக்கின்றாள், எத்தனை முறை குனிகின்றாள் என்று கணக்கிட்டார். பயறு, சர்க்கரை முதலியவற்றிற்குக் கைப்பிடியோடு கூடிய அலுமினியப் பெட்டிகளை வரிசையாக அமைத்தார். நமது அஞ்சறைப் பெட்டியின் ஒன்றுவிட்ட தமக்கை என்றே அவற்றைச் சொல்லலாம். சாளரத்தடியில் வேலைப்பலகையும், உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் முக்காலியும் வைத்தார். ஈக்கள் நீலத்தை அணுகா என்று அந்நாளில் கருதினமையால் பெட்டிகட்கு நீலவண்ணம் தீட்டினர். அத்தகைய அடுக்களைகள் ஏறத்தாழ 10,000 கட்டப்பட்டன. இன்று உலகெங்கும் காணும் மேடை அடுக்களைக்கு அதுவே முன்னோடி.

அவ்வம்மையார் நெடுங்காலம் வாழ்ந்து 2000-ஆம் ஆண்டில் மறைந்தார். தமது சமையல் அனுபவத்தால் அன்றித் தமது கட்டடக்கலை அறிவாலேயே அவ்வறையை வகுத்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கின்றார். அவர் செய்த நன்மை பெரிது; எனினும் ஒரு குறையைப் பின்வந்தோர் சுட்டினர். அவ்வறை ஒருவருக்கே அளந்தது. இரண்டாமவர் உள்ளே நுழைய இடமில்லை. கணவனோ, மகளோ, மாமியோ உதவ வந்தாலும் வாயிலில் நின்று பார்க்கவேண்டியதே. அடி எண்ணிச் சேமித்த அறை, ஒருத்தியைத் தனிமையில் அடைத்த அறையாகவும் ஆயிற்று. சிறு அடுக்களையைச் செப்பனிட விழைவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்: அடி மிச்சப்படவேண்டும், ஆளும் இருவர் நிற்கவேண்டும்.

இனி நாம் செய்தவற்றைக் கூறுவோம். வாடகை வீடாதலின் சுவரை இடிக்கவோ புதிது கட்டவோ நமக்கு உரிமையில்லை. வீட்டுக்காரரின் இசைவு பெற்றுச் சில ஆணிகளும் கீல்களும் அடித்தோம், அவ்வளவே.

முதலாவது, கணக்கு. கிராணியின் புத்தி கணக்கிலேயே ஓடும். ஒரு ஞாயிறன்று அடுக்களையிலுள்ள பொருள்கள் அனைத்தையும் முன்கூடத்திற் பரப்பி, தோட்டத்து ஸ்டோர்ப் புத்தகத்தில் எழுதுவதுபோல் எழுதினோம். மொத்தம் 211. அவற்றுள் நாடோறும் கைபடுவன 58. வாரத்திற்கு ஒருமுறை எடுப்பன 41. பண்டிகைக்கும் விருந்துக்கும் மட்டும் வேண்டுவன 72. எஞ்சிய 40-ம் எதற்கென்று எவர்க்கும் தெரியாதவை. கைப்பிடி போன வாணலிகள், மூடியில்லாப் புட்டிகள், புட்டியில்லா மூடிகள்! அந்நாற்பதையும் கழித்தோம். எழுபத்திரண்டைப் பெட்டியிலிட்டு உறங்கும் அறைப் பரணிற் சேர்த்தோம். ஆறடி அடுக்களைக்கு உரியவை தொண்ணூற்றொன்பதே என்று கண்டபோது, அறை சிறிதென்ற புலம்பலில் பாதி பொய்யென்று விளங்கிற்று.

இரண்டாவது, தரை. தரையில் எதுவும் இருத்தலாகாது என்று முடிவு செய்தோம். வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் சாளரத்தருகே கயிற்றுறியில் ஏறின. காற்றுப் படுவதால் அவை அழுகுவதுங் குறைந்தது. அரிசி டின்னைச் சிறு சக்கரப் பலகையில் ஏற்றி மேடைக்கடியில் நுழைத்தோம். வேண்டும்போது ஒரு விரலால் இழுக்கலாம். இவ்வாறு மேடை போக எஞ்சிய நான்கடி அகலமும் வெற்றிடமாயிற்று. வெற்றிடமே சிறு அறையின் முதற் செல்வம் என்க.

மூன்றாவது, இரண்டு தளம். மேடை இடச்சுவரில் 34 அங்குல உயரத்தில் இருந்தது, அது நிற்பவர்க்கு. எதிரேயுள்ள வலச்சுவரில், சாளரத்தை ஒட்டி, 24 அங்குல உயரத்தில் ஒரு மடக்குப் பலகையைக் கீல் வைத்துப் பொருத்தினோம், இது அமர்பவர்க்கு. வேலையில்லாதபோது சுவரோடு மடங்கி நிற்கும். அதனெதிரே 15 அங்குல முக்காலி. அன்னையாரை அதில் அமர்த்தி, கை எட்டும் தூரத்தைச் சுவரிற் சுண்ணக்கட்டியால் குறித்தோம். இரண்டடி முதல் நான்கடி வரையுள்ள சுவர் அவர்க்கு உரியது. நான்கடிக்கு மேல் நம் மனைவியார்க்கும் நமக்கும். அரிவாள்மனை, அஞ்சறைப் பெட்டி, முறம், துருவி யாவும் அவர் பக்கத்தில் வந்தன. ஒரே அறையில் ஒருவர் அமர்ந்தும் மற்றொருவர் நின்றும் ஒருவரையொருவர் இடியாது வேலை செய்ய இயலுமென்று கண்டோம். பிராங்க்பர்ட் அறையின் குறைக்கு மருந்து நமது பழைய தரை அடுக்களையிலேயே இருந்தது!

நான்காவது, அம்மி. லயத்திலிருந்து அதனைக் கொணர வேண்டா என்று உறவினர் பலர் கூறினர். மூன்று மாடி ஏற்றவேண்டும். அரைத்தால் கீழ்வீட்டார் உறக்கங் கெடும் என்றனர். இருவர் சுமந்து ஏற்றினோம். தாழ்ந்து தடித்த மரப்பெட்டியொன்றின்மேல் கனத்த ரப்பர் விரிப்பை இட்டு அதன்மேல் வைத்தோம். அதிர்ச்சியை ரப்பர் விழுங்கிக்கொண்டது. முப்பதாண்டு பால் வெட்டிய கைக்கு அந்தப் பாலே கடைசியில் இவ்வுதவி செய்தது. கீழ்வீட்டார் ஒருநாளும் குறை கூறவில்லை. மாறாக, வறுத்தரைத்த மீன்குழம்பின் மணம் என்னவென்று கேட்டு மேலே வந்தனர்.

ஐந்தாவது, ஒளியும் காற்றும். மலாக்காப் பழநகரின் நெடுங்கடைவீடுகளைக் கண்டிருப்பீர்கள். முகப்பு ஒடுங்கி உட்புறம் நீண்ட அவ்வீடுகளின் நடுவே வானந்தெரியும் முற்றம் ஒன்றுண்டு. பின்னேயுள்ள சமையலறைக்கும் வெளிச்சம் எட்டுதற்கு அது வழி. நமது ஊர்ப்புறத்து நடுமுற்றமும் அத்தகையதே. அடுக்குமாடியில் முற்றம் இல்லை. ஆயினும் சாளரம் உண்டு. அச்சாளரத்தை மறைத்து நின்ற அட்டைப் பெட்டிகளை நீக்கி, சுவருக்கு வெண்மையும், அன்னையார் பக்கத்து மடக்குப் பலகைக்கு இளநீலமும் பூசினோம். வெண்சுவர் விளக்கின் ஒளியை இரட்டிக்கின்றது. அழுக்கையும் ஒளிக்காமல் காட்டுகின்றது. அழுக்கைக் காட்டும் நிறமே அடுக்களைக்கு நல்ல நிறம்.

காற்றைப் பற்றி ஒரு சொல். விறகும் சாணமும் கரியும் எரியும் வீடுகளில் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுட் பெண்டிரும் குழந்தைகளும் மிகப்பலர். ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த எஸ். பி. ராஜு என்பார் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வகுத்து, புகையில்லா அடுக்களையைப் பற்றி 1953-இல் ஒரு நூலே வெளியிட்டார். நம் தாய்மார் இருமிய இருமலுக்கு அன்றே மருந்து இருந்தது. அது தோட்டத்து லயங்களை எட்டவில்லை. எரிவாயு வந்த வீடுகளில் புகை போயிற்று. ஆயினும் வேறோர் எச்சரிக்கை வேண்டும். இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையிற் படியும். ஆதலின் உருளையை நிமிர்த்தியே வைக்கவேண்டும். அதனைச் சுற்றிச் சாமான் அடைத்தலாகாது. ரப்பர்க் குழாயில் வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றவேண்டும். நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாமல் கதவையும் சாளரத்தையும் முதலில் திறக்கவேண்டும். சிறு அறையிற் சிறு கசிவும் பெருந்தீங்காம் என்பதை மறவற்க.

இனி அழகு. அடுக்களைக்கு அழகு எதற்கு என்று கேட்பாருளர். உழைக்கும் இடத்திற்கு அழகு வேண்டா, ஓய்வு கொள்ளும் இடத்திற்கு மட்டும் வேண்டும் என்னும் கொள்கை, உழைப்பாளியை இழிவாக எண்ணும் கொள்கையே. ஆனால் அழகைக் கடையில் வாங்கவேண்டுவதில்லை. நெகிழிப் பூக்கள் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஒரு திங்களில் அருவருப்பாகும். துலக்கிய பித்தளைச் செம்பு ஒன்று, வரிசையாய்க் கவிழ்த்த எவர்சில்வர் குவளைகள், கருமை மின்னும் தோசைக்கல், சிவந்த மண்சட்டி இவற்றினும் சிறந்த அணிகலன் யாது? பயன்படும் பொருளை ஒழுங்குபட வைத்தலே அடுக்களையின் ஓவியம். சாளரக் கம்பியிற் பழைய பால்மாவு டின்களைத் தொங்கவிட்டு, கறிவேப்பிலை, புதினா, ரம்பை மூன்றும் வளர்க்கின்றோம். அன்னையார் வாயிற்படியில் அரிசிமாவால் நாடோறும் ஒரு சிறு கோலம் இடுகின்றார். முக்காலிமேல் அமர்ந்து இடுகின்றாராதலின் அது ஒரு சாண் அகலமே; அதுவும் அழகே.

இவையனைத்திற்கும் ஆன செலவு 190 ரிங்கிட். முன்கூடத்து மெத்தை நாற்காலிக்கு நாம் மாதந்தோறும் கட்டிய தவணை இதனினும் மிகுதி.

பயன் யாது எனில், கூறுவோம். முதல் வாரம் அன்னையார் காய் மட்டும் அரிந்து வைத்தார். அடுத்த வாரம் மசாலை அரைத்தார். மூன்றாம் வாரம் நாம் மாலையில் திரும்புங்கால் சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் காத்திருந்தன. அவரும் நம்மோடு அமர்ந்து வயிறார உண்டார். நம் மனைவியார் அவர்பால் ஊறுகாய் போடக் கற்கின்றார். "அத்தை, உப்பு எவ்வளவு?" என்று இவர் கேட்பதும், "கை சொல்லும், பிள்ளை" என்று அவர் கூறுவதும் நாடோறும் நம் செவியில் விழுகின்றன. கீழ்வீட்டுச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டதும் மேலேறி வந்து மடக்குப் பலகையருகே நின்று அரிவாள்மனை பழகுகின்றாள். வாயிற்படி நாற்காலி இப்பொழுது பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றது.

இங்கே சிலர் இடைமறித்து, "முதிய தாயை மீண்டும் அடுப்படிக்கே தள்ளினீரோ?" என்று கேட்கக்கூடும். நல்ல வினா. பெண்ணை அடுக்களையிற் கட்டிவைத்தல் ஒன்று; அடுக்களையை வேண்டுபவர்க்கு அதனை மறுத்தல் மற்றொன்று. இரண்டும் கொடுமையே. அடுக்களை ஒருத்தியின் விதியாக இருத்தல் கூடாது. வீட்டார் யாவரும் கைவைக்கும் பட்டறையாக இருத்தல் வேண்டும். நளனும் வீமனும் சமைத்ததைப் புகழ்கின்றோம். கோயில் மடைப்பள்ளியிலும் திருமணப் பந்தலிலும் அண்டா கிளறுவோர் ஆடவரே. கூலிக்கும் புகழுக்கும் சமைக்கலாம், மனைவிக்குச் சமைத்தல் மட்டும் மானக்கேடு என்பது எவ்வகை நியாயம்? நமது வீட்டில் சனி, ஞாயிறு இருநாளும் மேடைப்பக்கம் நமக்கு. மடக்குப் பலகைப் பக்கம் அன்னையார்க்கு. நம் மனைவியார்க்கு விடுமுறை. தோழர் சிலர் நகைத்தனர். நகைத்தவர் இருவர் இப்பொழுது பலகைக்கு எத்தனை அங்குலம் என்று கேட்டு எழுதிச் சென்றிருக்கின்றனர்.

தோட்டத்துத் தோழர்களே, பட்டணத்து நண்பர்களே! உங்கள் வீட்டு அடுக்களை ஆறடியாயிருக்கலாம், ஐந்தடியாயுமிருக்கலாம். அளவு நம் கையில் இல்லை; அதில் யார் நிற்கின்றார், யார் அமர்கின்றார், யார்க்கு ஒளி படுகின்றது என்பது நம் கையிலேயே உள்ளது. வரும் ஞாயிறன்று ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள். முதலில் சுவரை அளவாதீர்கள். அங்கே வேலை செய்பவரது கை எங்கே எட்டுகின்றது, முழங்கால் எங்கே நோகின்றது என்று அவரையே கேட்டு அளவெடுங்கள். ஆணி அடிப்பது அதற்குப் பின்னர்.